புளிச்சோற்றுக்கு அடியில்

எழுத்தாளராகப் போகிறேன் என்று சொரிமுத்து வீட்டில் அறிவித்த அன்றைக்குத் தென்காசியில் சாரல் ஆரம்பித்தது. அதில் ஆச்சரியம் இல்லை. வைகாசிக் கடைசியில் சாரல் வரத்தான் செய்யும். "நல்லது, எழுதுங்க" என்று மாடத்தி சொன்னாள். அதுதான் ஆச்சரியம்.

சொரிமுத்துவுக்கு அந்த நிமிஷமே சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகம் அவருக்குத் தொழில். இருபத்தேழு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புகார், வாக்குமூலம், டைரி எல்லாம் அவர் கைப்பட எழுதியதுதான். பால்காரர் வந்து, "இன்னைக்கு நல்ல பால்யா" என்றால், "அப்ப நேத்து ஊத்துனது?" என்று கேட்பார். கோயிலில் ஒரு கரண்டி பொங்கல் கூடுதலாக விழுந்தால் இலையைத் தூக்கி அடியில் பார்ப்பார்.

முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் மாடத்தி அவரைப் பாராட்டியது மூன்றே தடவை. முதல் தடவை பாராட்டிய மறு வாரம் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது. இரண்டாம் தடவை பாராட்டிய மறு வாரம் அவளுடைய பெரியம்மா வந்து ஐந்து மாசம் தங்கினாள். மூன்றாம் தடவை அவருடைய மீசை போனது. இது நாலாவது.

"ஏட்டி, நெசமாத்தான் சொல்லுதியா?"

"பின்ன? இருபத்தேழு வருஷம் ஊரான் கதைய எழுதினிய. இனி உங்க கதைய எழுதுங்க."

"எனக்குக் கதை எழுத வருமா?"

"ஏன் வராது? நீங்க எழுதினதெல்லாம் கதைதான்னு கோர்ட்டுல எத்தனை வக்கீல் சொல்லியிருக்காக!"

சொல்லிக்கொண்டே சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டீசை எடுத்து நீட்டினாள். பக்கத்துத் தெருவில் ஜுஹைனா என்கிற பெண், புருஷன் துபாயில் இருக்க, தன் வீட்டு மாடியில் எழுத்துப் பயிற்சி வகுப்பு நடத்துகிறாள். முப்பது நாள், முப்பது பயிற்சி. நன்றாக எழுதுகிறவரின் கதையைக் கடைசி நாளில் ஊர் கூட்டி மண்டபத்தில் மைக் வைத்து வாசிப்பார்கள்.

'நான் இப்பத்தான் சொன்னேன். நோட்டீசு எப்படி முன்னாலேயே வந்து சாமிக்குப் பின்னால இருக்கு?' என்று சொரிமுத்து யோசித்தார். ஆனால் மைக், மண்டபம், கூட்டம் என்கிற மூன்று வார்த்தையும் அவருடைய சந்தேகத்தை அமுக்கிவிட்டன. ஒரு கூட்டம் அவரைப் பார்த்துக் கைதட்ட வேண்டும். அது அவருக்கு எட்டு வருஷத்து ஏக்கம்.

அதற்குக் காரணம் பலவேசம்.

பலவேசம் மாடத்திக்கு ஒரே தம்பி. அச்சன்புதூரில் வயலும் நாலு மாடும் வைத்திருக்கிறவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சீசனில் சொரிமுத்துவுக்கு ஐந்தருவியில் பந்தோபஸ்து போட்டிருந்தார்கள். குளித்தது போதும் என்று விசில் ஊதி ஆட்களை வெளியேற்றுகிற வேலை. பலவேசம் அருவிக்குள் நின்றான். சொரிமுத்து விசில் ஊதினார். அவன் வரவில்லை. கிட்டே போய்க் காதோடு ஊதினார். தண்ணீருக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி அவன் சொன்னான்:

"அத்தான்! இந்த விசில எங்க அக்காகிட்ட ஒரு தடவ ஊதிப் பாருங்களேன்!"

வரிசையில் நின்ற முந்நூறு பேரும் சிரித்தார்கள். கேரளாவிலிருந்து வந்தவர்களுக்குக்கூடப் புரிந்து சிரித்தார்கள். ஈரக் காக்கியோடு வீட்டுக்கு வந்த சொரிமுத்து, "இனி அவன் வாசப்படிய நான் மிதிச்சா என் பேரு சொரிமுத்து இல்ல" என்று சத்தியம் செய்தார்.

இப்போது மகள் ஆனந்தவள்ளிக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். அச்சடித்து வந்த பத்திரிகைகள் உலகம்மன் படத்துக்கு முன்னால் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அவர்கள் குடும்ப வழக்கம் என்னவென்றால், முதல் பாக்கு, அதாவது முதல் பத்திரிகை, தாய்மாமனுக்கு. அதையும் பெண்ணைப் பெற்றவன் தன் கையாலேயே, வெற்றிலை பாக்கோடு நாலு பேர் பார்க்கக் கொடுக்க வேண்டும். அது நடக்காமல் வேறு யாருக்கும் ஒரு பத்திரிகைகூடக் கொடுக்கக் கூடாது. ஆடி பிறந்துவிட்டால் அதுவும் முடியாது. சொரிமுத்துவோ சத்தியத்தை விடுவதாக இல்லை.

மாடத்தி சண்டை போடவில்லை. அழவும் இல்லை. தினமும் விடியக்காலையில் குளித்து, கோயிலுக்குப் போய், உலகம்மன் சன்னதியில் கொஞ்ச நேரம் நின்று வந்தாள். அந்தத் தாய் என்ன சொன்னாளோ, நோட்டீசு வந்தது.

*

வகுப்பின் முதல் நாளே முப்பது பயிற்சியும் அச்சடித்த தாளை ஜுஹைனா எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். மாடத்தி அதை ஒரு மணி நேரம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

பயிற்சி ஒன்று: 'ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்து, கண்ணில் பட்டதை எழுதுக.'

"மொட்டமாடிக்குப் போங்க. காத்து வரும். காத்தோட கற்பனையும் வரும்" என்றாள் மாடத்தி. அன்றைக்குச் சாரல் விட்டுப் பளிச்சென்று வெயில். மாடியில் பழைய சேலையை விரித்துக் கல்யாணத்துக்கான வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

"இந்தக் கம்பையும் கையில வச்சுக்கிடுங்க."

"கம்பு எதுக்குட்டி?"

"எழுத்தாளர்னா கையில ஏதாவது இருக்கணும்லா?"

அன்றைக்குச் சொரிமுத்து எழுதியது இது: 'நாளது தேதி காலை ஒன்பது மணியளவில், பெயர் விலாசம் தெரியாத காகம் ஒன்று கிழக்குத் திசையிலிருந்து வந்து, மேற்படி சேலையில் இருந்த வடகம் ஒன்றைக் கவர்ந்துகொண்டு தப்பியோடிவிட்டது. அங்க அடையாளம்: கறுப்பு நிறம், லேசான மாறுகண்.'

ஜுஹைனா அதைப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஐயா, காக்காய வர்ணிக்கச் சொன்னேன். நீங்க அது மேல கேஸ் போட்டிருக்கீங்களே!"

பயிற்சி ஐந்து: 'ஒரு மணத்தை எழுதுக.' மாடத்தி அவரை அடுப்படியில் நிறுத்தி இரண்டு கிலோ மிளகாய் வத்தலை வறுக்கச் சொன்னாள். அரை மணி நேரத்தில் கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே வந்தார்.

"மணம் எப்படி இருந்துச்சு?"

"எழுத முடியலட்டி. நோட்டு எங்கன இருக்குன்னே தெரியல."

"அழுதுட்டியளா! அப்ப கதை நல்லா வரும்."

பயிற்சி ஒன்பது: 'முன்பின் அறியாதவர்கள் பேசிக்கொள்வதைக் கவனித்து எழுதுக.' ரேஷன் கடை வரிசையில் நின்றார். நாலு பக்கம் உரையாடலும் ஒரு பை துவரம்பருப்பும் கொண்டு வந்தார்.

பத்தாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு உறைத்தது. வடகம் காய்ந்துவிட்டது. மசாலாப்பொடி திரித்தாகிவிட்டது. ரேஷன் வந்துவிட்டது. கதைதான் வரவில்லை.

"ஏட்டி, இந்தப் பயிற்சியெல்லாம் உன் வேலையாவே இருக்கே?"

"எழுத்துங்கது வாழ்க்கையோட சேர்ந்ததுன்னு டீச்சரம்மாதான சொன்னா? சுக்குக்காப்பி குடிங்க. உங்களுக்குள்ள ஒரு ஊத்து இருக்குங்க. தோண்டத் தோண்ட வரும்."

"இந்த வசனம் எங்கன கிடைச்சுது?"

"போன்ல வந்துச்சு."

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அந்தப் போனைச் சோதனை போட்டார். காலை வணக்கம் சொல்லுகிற பிள்ளையார் நாற்பது. முருகன் இருபது. பலாப்பழப் பாயசம் செய்முறை ஒன்று. ஆட்சேபணைக்குரிய பொருள் ஏதும் கைப்பற்றப்படவில்லை.

பிறகு அவளைப் பின்தொடர்ந்தார். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, இருபதடி தள்ளி, ரகசியமாகத்தான் போனார். தெருமுனையில் பூக்காரி, "என்ன ரைட்டரய்யா, சளியா?" என்றாள். கோயில் வாசலில் செருப்புக்காவல்காரர், "ரைட்டரய்யா, அக்கா இப்பத்தான் உள்ள போறாக" என்றார். ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

மாடத்தி கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டே வேண்டினாள். "தாயே உலகம்மா, அவுகளுக்கு எழுத்து நல்லா வரணும். இருபத்துநாலு வரைக்கும் இடையில விட்டுறாம எழுதணும். அது போதும் எனக்கு."

சொரிமுத்துவுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு இளகியது. அடுத்த நிமிஷம் இறுகியது. முப்பது பயிற்சி இருக்க, இருபத்துநாலு ஏன்?

ஓடி வந்து பிரிட்ஜ் கதவைப் பார்த்தார். பயிற்சி இருபத்துநாலு: 'உங்களுக்குப் பிடிக்காத ஒருவரை நேரில் போய்ப் பார்த்து, அவர் பக்கத்து நியாயத்தை எழுதுக.' அதற்குக் கீழே, 'இருபத்தைந்து முதல் முப்பது வரை: உங்களுக்கு நன்றாக வந்த பயிற்சியைத் திரும்பச் செய்க' என்று இருந்தது.

தாளைப் பிய்த்துக்கொண்டு நேராக ஜுஹைனா வீட்டுக்குப் போனார்.

"இந்த இருபத்துநாலாம் நம்பர யாராச்சும் சொல்லி நீங்க எழுதினீங்களா? உண்மையச் சொல்லணும்."

"அல்லா, இல்லைங்கய்யா! மூணு வருஷமா இதே தாள்தான். இந்தாங்க, போன வருஷத்துத் தாளையும் பாருங்க."

பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எழுத்து, மை, வரி, எண் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. போலி இல்லை.

அப்படியானால் மாடத்தியின் உள்நோக்கம் என்ன? வீடு திரும்புகிற வழியிலேயே துப்புத் துலங்கிவிட்டது. மேசை!

ஓய்வு பெற்ற அன்றைக்கு ஏலத்தில் எடுத்து வந்த பழைய இரும்பு மேசை ஒன்று அவர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கல்யாணத்துக்கு வருகிற விருந்தாளிகள் படுக்க இடம் வேண்டும், அதைத் தூக்கிப் போடுங்கள் என்று மாடத்தி ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகச் சொல்வதில்லை. இருபத்துநாலாம் நாள் பிடிக்காத ஆளைப் பார்க்க அவர் வெளியூர் போவார். அன்றைக்கு மேசை பழைய இரும்புக்காரனிடம் போகும். இதுதான் சதி.

சொரிமுத்து மீசையைத் தடவினார். மீசை இல்லை. உதட்டைத் தடவிக்கொண்டார்.

*

ஆனி மாசம் இருபத்துநாலாம் பயிற்சி வந்தது. ஆடிக்கு இன்னும் ஏழே நாள்.

"யாரப் பாக்கப் போறிய?" என்றாள் மாடத்தி, அரிசி களைந்துகொண்டே.

"எனக்குப் பிடிக்காதவன்னா இந்த ஜில்லாவுல முதல் ஆளு ஒன் தம்பிதான்."

"அச்சன்புதூர் வரைக்குமா? சாரல் வேற அடிக்குது. எதிர்த்த வீட்டு ஆளையும்தான் உங்களுக்குப் பிடிக்காதே? இங்கன கிட்டத்துல முடிச்சிறலாம்லா?"

போகாதே என்கிறாள். அப்படியென்றால் போக வேண்டும். அல்லது போகாதே என்றால் போவேன் என்று தெரிந்து சொல்கிறாளோ? சொரிமுத்து இரண்டையும் யோசித்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் வழி ஒன்றுதான். அறையை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போறேன். ஆனா அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன். எதிர்ல டீக்கடையில இருந்து பாத்து எழுதிட்டு வந்துருவேன்."

"அது உங்க சத்தியம். நான் என்னத்தச் சொல்ல?" என்று மாடத்தி இரண்டடுக்கு டிபன் கேரியர் ஒன்றை மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்தாள். "மேல புளிச்சோறு. கீழ துவையல். மதியம் பசி தாங்க மாட்டிய."

சொரிமுத்து சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. மேலடுக்கைத் திறந்து பார்த்தார். புளிச்சோறுதான். வேர்க்கடலை போட்டிருந்தது. பஸ் ஹாரன் கேட்டது. மூடிக்கொண்டு ஓடினார். ஒரு காலத்தில் புளியறை செக்போஸ்டில் நின்று, லாரிகளில் வைக்கோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கம்பியால் குத்திப் பார்த்த மனுஷர், புளிச்சோற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போய்விட்டார்.

அச்சன்புதூரில் பலவேசம் வீட்டுக்கு நேர் எதிரே பாரூக் பாயின் டீக்கடை. சொரிமுத்து மூலை பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நோட்டில் எழுதினார்.

'காலை 10.40: சந்தேக நபர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். 10.55: மேற்படி மாட்டின் காதில் ஏதோ ரகசியம் சொன்னார். மாடு தலையாட்டியது. கூட்டுச்சதியா என்பது விசாரணையில் தெரியவரும்.'

11.30-க்குச் சந்தேக நபரைக் காணவில்லை. சொரிமுத்து பேப்பரை இறக்கிப் பார்த்தார். சந்தேக நபர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தான்! நீங்களா? என்ன எழுதுதிய?"

"கேஸ் விஷயம்."

"நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டியளே?"

"பழைய கேஸ்."

பலவேசம் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தலை பாதி நரைத்திருந்தது. "வீட்டுக்கு வாங்க அத்தான்."

"மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சரி. அப்ப நானும் இங்கனயே இருக்கேன்."

இரண்டு பேரும் இருந்தார்கள். பாரூக் பாய் இரண்டு டீ வைத்தார். குடித்தார்கள். மழை தூறி நின்றது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். எட்டு வருஷச் சண்டை எந்த வழியாகப் போகும் என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

பன்னிரண்டரைக்குச் சொரிமுத்துவின் வயிறு கூப்பிட்டது. கேரியரை எடுத்தார். எடுத்தபிறகுதான் சங்கடம். பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு தான் மட்டும் தின்று அவருக்குப் பழக்கம் இல்லை. ஸ்டேஷனில் ராத்திரி பிடிபட்டவனுக்குக்கூடத் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்துவிட்டுத்தான் வாக்குமூலம் எழுதுவார்.

"இந்தா. கோவம் கோவம்தான். சோறு சோறுதான்" என்று கீழடுக்கைக் கழற்றிப் பலவேசம் கையில் கொடுத்தார். "துவையல் இருக்கும். மூடியத் திறந்து வை. சோத்த அதுல தட்டுதேன்."

பலவேசம் மூடியைத் திறந்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே துவையல் இல்லை. கொழுந்து வெற்றிலை இருந்தது. பாக்கு இருந்தது. விரலி மஞ்சள், மடித்த குங்குமப் பொட்டலம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை எல்லாம் இருந்தன. பத்திரிகையில் தாய்மாமன் என்று போட்டு அவனுடைய பெயர் இருந்தது.

"அத்தான்..." பலவேசம் பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "ஒங்க கையால எனக்கு முதப் பாக்கு வச்சுட்டியளே!"

"ஏய்... அது... அது வந்து..."

"நாங்க எல்லாரும் பாத்தோம்லா!" என்றார் பாரூக் பாய். "ரைட்டரய்யா அவுக கையாலதான குடுத்தாக?"

ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். பொருள் கைமாறிவிட்டது. நேரடி சாட்சி ஒன்பது பேர். இதற்குமேல் எந்தக் கோர்ட்டிலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொரிமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். திருப்பி வாங்கலாமா? பெற்ற மகளின் கல்யாணப் பாக்கைக் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்குகிற கை விளங்குமா?

பலவேசம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அன்னைக்கு அருவியில நான் கேலி பண்ணல அத்தான். ஊரையே விசிலடிச்சு அதட்டுத மனுஷன், எங்க அக்காவ ஒரு நாளும் ஒரு வார்த்த அதட்டினதில்லன்னு பெருமையாத்தான் சொல்ல வந்தேன். சொன்ன விதம் தப்பாப் போச்சு. சவத்துப் பயலுவ எல்லாவனும் சிரிச்சுட்டானுவ."

சொரிமுத்து புளிச்சோற்றைப் பிசைந்தார். பாதியை அவனுக்கு வைத்தார். பெஞ்சைச் சுற்றி நின்றவர்கள் யாரோ கைதட்ட ஆரம்பிக்க, ஒன்பது பேரும் தட்டினார்கள். மைக் இல்லை. மண்டபமும் இல்லை. ஆனாலும் நன்றாகத்தான் கேட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் நோட்டை எடுத்துப் பலவேசத்தின் பக்கத்து நியாயத்தை எழுதினார். இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தார். அதில் ஒரு 'மேற்படி'கூட இல்லை. அவருக்கே சந்தேகமாக இருந்தது.

*

வீட்டுக்கு வந்து முதலில் அறையைத் திறந்தார். மேசை இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் அவருக்குக் கோபம் முழுசாக வந்தது.

"ஏட்டி மாடத்தி! இங்கன வா! அந்தக் கீழடுக்குல என்ன வச்ச?"

"துவையல் நல்லா இருந்துச்சா?"

"நான் அதத் திறந்து பாத்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"பாத்திருந்தா மறந்து வச்சிட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"அவனுக்குக் குடுக்காம நானே தின்னிருந்தா?"

மாடத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "முப்பத்திரண்டு வருஷமாச் சோறு போடுதேன். எதிர்ல இருக்கவன் எதிரியே ஆனாலும் அவனுக்குக் குடுக்காம உங்களுக்குத் தொண்டையில இறங்காதுன்னு எனக்குத் தெரியாதா? அந்த ஒரு நம்பிக்கையிலதான அனுப்பினேன்."

சொரிமுத்துவுக்கு அதற்குமேல் கோபப்படத் தெரியவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உலகம்மன் படத்தில் கொஞ்சம்கூட வாடாத புதுப் பூ.

"போகட்டும்" என்று நாற்காலியில் சாய்ந்தார். "கதை நல்லா வந்திருக்கு. நாளைலருந்து ஆறு நாளும் வீட்டோட இருந்து அதத்தான் திருத்தி எழுதப் போறேன்."

"வீட்டோடயா? தாள்ல அப்படிப் போடலியே" என்றாள் மாடத்தி. "நல்லா வந்த பயிற்சியத் திரும்பச் செய்யணும்னுல்லா போட்டிருக்கு?"

அவர் திரும்பி அடுப்படியைப் பார்த்தார். தெருவெல்லாம் இரவல் வாங்கிய இரண்டடுக்குக் கேரியர்கள் கழுவிக் கவிழ்த்து வரிசையாக இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். ஆறு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுத்தாள். கீழப்பாவூர்ச் சித்தப்பா. செங்கோட்டைச் சகலை. பங்காளி சிவசைலம். எல்லாரும் அவர் ஒவ்வொரு வருஷமாக வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து வைத்தவர்கள்.

"நாளைக்குக் கீழப்பாவூர்" என்று மாடத்தி நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்து வெளியே வைத்தாள். "புளிச்சோறு சலிச்சிருக்கும்லா?"